மூன்றாம் பாகம் மட்டும்

மைக்கேல்ராஜின் வலது கை விரல்கள் ஆளுக்கொரு திசையைக் காட்டிக்கொண்டிருந்தன.

பிணவறை ஆள் துணியை விலக்கிக் காட்டிவிட்டுப் பீடி பற்றவைக்க வெளியே போய்விட்டான். பாலகுமார் குனிந்து பார்த்தான். அவன் கோலார் தங்கவயலில் பிறந்தவன். சுரங்கத்திலிருந்து கூண்டில் ஏற்றி மேலே கொண்டுவந்த கைகளைப் பள்ளிக்கூடம் போகிற வழியிலேயே பார்த்து வளர்ந்தவன். பாறை விழுந்தால் கை மொத்தமாக நசுங்கிப்போகும். இது அப்படி இல்லை. ஒவ்வொரு விரலாகப் பின்பக்கம் மடக்கி ஒடித்திருந்தார்கள். மண்டையைப் பிளந்தது அதற்கப்புறம்.

"கோவத்துல வர்றவன் நேரா மண்டையில போடுவான்," என்றான். "விரலுக்குப் பொறுமை வேணும்."

"கேள்வி கேட்டுக் கேட்டு ஒடிச்சிருக்கான்னு சொல்றீங்க," என்றாள் நோரா, மூக்கிலிருந்து கைக்குட்டையை எடுக்காமல்.

"பதில் கெடச்சிருந்தா ரெண்டாவது விரலோட விட்டிருப்பான்."

"அப்ப மைக்கேல் அங்கிள் சொல்லல. பிறந்ததுலேர்ந்து வாய மூடாத மனுஷன், மூடக் கூடாத நேரத்துல போய் மூடியிருக்கார்." கடைசி வார்த்தையில் அவள் குரல் பிசிறியது. உடனே சரிசெய்துகொண்டாள். "வாங்க பாஸ். இங்க ஏசி சரியில்ல."

நோரா, தனியார் துப்பறிவாளனான பாலகுமாரின் உதவியாள். ஆஸ்டின் டவுனில் பிறந்தவள். அங்கே மைக்கேல்ராஜ் நடத்திய வாடகை நூலகத்தில் புத்தகமும் வீடியோ கேசட்டும் எடுத்துத்தான் பாதிப் படிப்பு படித்தாள். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அவள் சம்பளம் ஏறவில்லை. வாய் ஏறியிருந்தது.

வெளியே வேப்பமரத்தடியில் தாரணி நின்றாள். ஆம்பூர்ப் பெண், பாலகுமாரிடம் கேஸைக் கொண்டுவந்தவள். அவள் புருஷன் ஹரிஷ்குமார் பொம்மசந்திராவில் லேத் ஓட்டுகிறவன். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மைக்கேல்ராஜின் பிணத்தை மடியில் போட்டுக்கொண்டு கத்தியவன் அவன்தான். சட்டையெல்லாம் ரத்தம். போலீஸுக்கு அதற்குமேல் தேட வேண்டியிருக்கவில்லை.

"காலைல ஸ்டேஷன் ஜன்னல் வழியா பாத்தேங்க்கா," என்றாள் நோராவிடம். "பாதம் ரெண்டும் பன்னு மாதிரி வீங்கிக் கெடக்குது. ஒண்ணுக்குப் போனா ரத்தமா போகுதாம். 'அடிய நிறுத்தினா போதும், கேக்கற எடத்துல கையெழுத்து போட்டுடறேன் தாரணி'ங்கறாரு. சாயந்திரத்துக்கு மேல தாங்க மாட்டாருக்கா."

"ஸ்டேஷன்ல போட்ட கையெழுத்து கோர்ட்ல செல்லாது," என்றாள் நோரா.

"செல்லாது," என்றான் பாலகுமார். "ஆனா கையெழுத்து விழுந்த நிமிஷம் வேற ஆளத் தேடறத நிறுத்திடுவாங்க. இவன் ஜெயில்ல உக்காந்து அது செல்லாதுன்னு சொல்லிக்கிட்டே கெழவனாயிடுவான். ஏம்மா, சனிக்கிழமை எதுக்குச் சண்டை?"

தாரணிக்குச் சொல்லவே வெட்கமாக இருந்தது. "ரிவைண்ட் சார்."

பார்த்த கேசட்டை முதலுக்குச் சுற்றிவிட்டுத்தான் திருப்பித் தர வேண்டும். மைக்கேல்ராஜின் கடையில் அது வேதவாக்கு. சுற்றாமல் கொண்டுவருகிறவனைத் தெருவே கேட்கும்படி திட்டுவான். ஹரிஷ் வாங்கி வைத்திருந்தது பழைய பிளேயர். அதில் ரிவைண்ட் பட்டன் செத்துப்போய் நாளாகிறது. சனிக்கிழமை வாய்ச்சண்டை முற்றி, "இன்னொரு வாட்டி திட்டினா மண்டைய ஒடைச்சிருவேன்" என்று இவன் சொன்னதைத் தெருவே கேட்டது.

"என்ன படம்?"

"சோழ ராஜா நாடகம் சார். இவருக்கு ராஜா கதைன்னா உசுரு. முன்ன அல்சூர் மண்டபத்துல போட்ட நாடகமாம், மைக்கேல் அண்ணனே கேமராவுல புடிச்சது. திரை விழுந்தப்புறமும் டேப்பு ஓடிச்சு. நாங்க அசதியில அப்படியே உட்டுட்டோம். கொஞ்ச நேரம் வெறும் மேடை. அப்புறம் ஒருத்தன ஒருத்தன் இரும்பால அடிக்கிறான். மூஞ்சி தெரியல, ஒரே புள்ளி புள்ளியா இருந்துச்சு. அதுவும் நாடகம்னுதான் நெனச்சோம். இவரு அத அண்ணன்கிட்ட சொன்னாரு. அண்ணன் அப்படியே சண்டைய நிறுத்திட்டு, 'திரைக்கு அப்புறமா, என்ன இருக்குது அங்க'ன்னு கேட்டாரு."

பாலகுமார் நோராவைப் பார்த்தான். நோரா ஏற்கெனவே கைனடிக் ஹோண்டாவைக் கிளப்பியிருந்தாள்.

*

மைக்கேல்ராஜின் கடையை ஒட்டி சின்னத்தாயியின் டீக்கடை. கடைக்குக் காவல் போட்டிருந்த கான்ஸ்டபிள் கெம்பையா அங்கே பெஞ்சில் உட்கார்ந்து மூன்றாவது டீயை உறிஞ்சிக்கொண்டிருந்தார். அவருக்கு எதிரே மரப்பலகையில் ஒரு டிவி, வெறும் நீலமாக எரிந்துகொண்டிருந்தது.

"என்னம்மா, கடல் படமா?" என்றாள் நோரா.

"அட போம்மா. மைக்கேலு மெஷின்லேர்ந்து ஒரு வயரு இழுத்துக் குடுத்திருந்துச்சு. அங்க என்ன ஓடுதோ அது இங்கயும் ஓடும். ஒரே மெஷினு, ரெண்டு டிவி. படத்துக்காவே வந்து டீ குடிப்பானுங்க. பொணத்தத் தூக்கறப்போ போலீஸ்காரன் எவனோ கால் தடுக்கி வயர புடுங்கிட்டான்."

"நான் இல்ல," என்றார் கெம்பையா, தமிழும் கன்னடமுமாக. "நன்ன காலு சும்னே இருந்தது."

"ஞாயித்துக்கிழமை நீ எதுவும் கேக்கலியாக்கா?"

"நான் கடையே தொறக்கல. அன்னிக்கி லீவு. தொறந்திருந்தா..." சின்னத்தாயி முடிக்கவில்லை. நோராவின் கையில் ஒரு மசால்வடையைத் திணித்தாள்.

நோரா வடையைத் தின்றுவிட்டுச் சுற்றியிருந்த தாளைப் படித்தாள். "பாஸ், இளவரசி கோட்டை மதில் மேலேர்ந்து குதிச்சிட்டா. கீழ என்ன ஆச்சுன்னு பாத்தா ஒரே எண்ணெய்."

"மைக்கேலு குடுத்த புஸ்தகம்தான்," என்றாள் சின்னத்தாயி. "ரெண்டு பாகம், மூணு பாகம்னு வருமே, அதுல எவனாச்சும் ஒண்ணத் தொலைச்சிட்டான்னா, மிச்சத்தையும் கிழிச்சு எனக்குக் குடுத்துரும். 'பாதிக் கதைய என் ரேக்குல வக்க மாட்டேன் தாயி, படிக்கிறவன் சாபம் உடுவான்'னு சொல்லும். கேசட்டுன்னா டேப்ப உருவி குழந்தைங்களுக்குப் பட்டம் கட்டக் குடுத்துரும்."

கெம்பையா சாவியை எடுத்து நீட்டினார். இன்ஸ்பெக்டருக்குத் தெரிந்தால் தன் தோலை உரித்துவிடுவார் என்று சொல்லிக்கொண்டேதான் நீட்டினார். ஸ்டேஷனில் அந்தப் பையனின் கத்தலை அவரும் கேட்டிருந்தார்.

*

கடைக்குள் ரத்தம் காய்ந்து தரை கறுத்திருந்தது. மூன்று சுவருக்கும் ரேக்குகள். சரித்திரமும் நாடகமும் மட்டும்தான். வேறு சரக்கு வேண்டுமென்றால் சிவாஜி நகருக்குப் போ என்பான் மைக்கேல்ராஜ். புத்தகம் தனி, கேசட் தனி என்று அவன் பிரித்ததில்லை. சோழன் ஒரு ரேக். அதில் நாவல், அதன் பக்கத்தில் படம், அதன் பக்கத்தில் யாரோ எழுதிய கல்வெட்டு ஆராய்ச்சி. அடுத்து விஜயநகரம். அடுத்து திப்பு. அவனை ஒட்டி வெள்ளைக்காரன்.

"திப்புவையும் வெள்ளைக்காரனையும் ஒட்டி ஒட்டி வச்சிருக்கார்," என்றாள் நோரா. "கடையச் சாத்தினதும் சண்டை வராதா?"

இப்போது ரேக்குகளில் அந்த ஒழுங்கு பாதிதான் இருந்தது. சோழன் ரேக் முழுக்க இறக்கி மறுபடி ஏற்றப்பட்டிருந்தது, புத்தகமெல்லாம் ஒரு பக்கம், கேசட்டெல்லாம் ஒரு பக்கம். எதையோ தேடியவன், தேடியது தெரியக்கூடாது என்று அடுக்கிவைத்துவிட்டுப் போயிருந்தான்.

கவுன்டரில் டிவி, அதன் கீழே வீடியோ மெஷின். மெஷினுக்குள் ஒரு கேசட் இருந்தது. வெளியே எடுத்தாள் நோரா. சோழ ராஜா நாடகம். மறுபடி உள்ளே போட்டுப் பட்டனைத் தட்டினாள். ஒன்றுமில்லை. ஓட்டிப் பார்த்தாள். கடைசிவரை ஒன்றுமில்லை.

"அழிச்சிட்டான் பாஸ். மேல வெறுமனே ரெக்கார்ட் பண்ணிட்டான்."

"நீ போடறப்ப டேப் எங்க நின்னுச்சு?"

நோரா வாயைத் திறந்து, மூடினாள். அபூர்வமான காட்சி. "முதல்ல. முழுசா சுத்தி இருந்துச்சு."

"ஒருத்தன் விரல ஒடிக்கிறான், மண்டைய ஒடைக்கிறான், ரத்தத்துல நின்னுக்கிட்டு கேசட்ட அழிக்கிறான். அப்புறம்?"

"ரிவைண்ட் பண்ணி வைக்கிறான்." அவள் மெதுவாகச் சொன்னாள். "கடைக்காரனக் கொன்னுட்டு, கடை சட்டத்த மட்டும் மீறாம போயிருக்கான். அது ஹரிஷ் இல்ல. அவன் உயிரோட இருந்த மனுஷனுக்கே ரிவைண்ட் பண்ணதில்ல."

"மைக்கேல்ராஜ்கிட்ட வருஷக்கணக்கா திட்டு வாங்கிப் பழகின கை அது. மூளை வேற எங்கயோ இருந்தாலும் கை தன் வேலைய செஞ்சிடும். ஆனா இத இன்ஸ்பெக்டர்கிட்ட சொன்னா சிரிப்பான். நமக்கு ஒரிஜினல் வேணும். வாடகைக்கு விடறது காப்பி, அதான் புள்ளி புள்ளியா தெரிஞ்சது. ஒரிஜினல் எங்கன்னு கேட்டுத்தான் விரல ஒடிச்சிருக்கான்."

வாசலில் நிழல் விழுந்தது.

"யாரு, துப்பறியற தம்பியா?"

சேஷகிரி. கட்டடத்தின் சொந்தக்காரர். பின்னால் இருக்கிற டிம்பர் டிப்போவும் அவருடையது. வெள்ளை வேட்டி, அரைக்கைச் சட்டை, மரம் தூக்கிப் பழகிய தோள். ஐம்பதைத் தாண்டியும் நிமிர்ந்த நடை.

"மைக்கேல் என் கூடப் பொறக்காத தம்பி," என்றார், தரையைப் பார்க்காமல். "அந்தப் பையன் பண்ணியிருக்க மாட்டான்னு என் மனசு சொல்லுது. ஏதாவது ஒத்தாசை வேணும்னா சொல்லுங்க. எதத் தேடறீங்க?"

"அல்சூர் மண்டபத்துல போட்ட நாடகக் கேசட் சார்," என்றான் பாலகுமார்.

சேஷகிரி முகம் கனத்தது. "அதுல ராஜா வேஷம் நான்தான். தொண்ணூத்தொண்ணு டிசம்பரு. நாடகம் முடியறப்போ வெளிய காவிரிக் கலவரம். எல்லாரும் ஓடினோம். டிப்போவுல என் பார்ட்னர் பழனிச்சாமி, மந்திரி வேஷம் போட்டவன், தெருவுல செத்துக் கெடந்தான். எந்தக் கூட்டம் அடிச்சுதோ. அதுலேர்ந்து நாடகம், சினிமா எதையும் நான் தொடறதில்ல. இந்தக் கடைக்குள்ள வாடகை கேக்கக்கூட வந்ததில்லப்பா. ஆளத்தான் அனுப்புவேன்."

"கஷ்டம் சார்," என்றாள் நோரா.

"நானும் கூட நின்னு தேடறேன். அந்தப் பையனுக்காக."

மூன்று பேரும் தேடினார்கள். சந்தேகம் வந்த கேசட்டையெல்லாம் நோரா மெஷினில் போட்டு ஓட்டினாள். கிரீடம், குதிரை, தூக்குமேடை, மறுபடி கிரீடம். பாதியில் நிறுத்தி வெளியே எடுத்து எடுத்துக் கவுன்டரில் போட்டாள். "இந்த நாட்டுல எத்தன ராஜா பாஸ். ஒருத்தர்கூட சிரிச்ச மூஞ்சியா இல்ல."

சேஷகிரி கவுன்டர் பக்கம் நின்று ரேக்கைப் பார்த்தபடி பேசிக்கொண்டிருந்தார். பழனிச்சாமியின் பெண்டாட்டி பாமாவுக்குத் தானே மாதாமாதம் அரிசி பருப்பு அனுப்புவதாகச் சொன்னார். சொல்லிக்கொண்டே நோரா போட்ட கேசட்டைக் கையில் எடுத்தார். கவுன்டர் ஓரத்தில் சிவப்பு நிறத்தில் ஒரு பொம்மைக் கார் இருந்தது. அதன் மேல்மூடியைக் கட்டைவிரலால் தட்டித் திறந்து, கேசட்டை உள்ளே வைத்து அழுத்தினார். கார் கிர்ரென்று சுற்றத் தொடங்கியது.

அது பொம்மை இல்லை. கேசட் ரிவைண்ட் செய்கிற மெஷின். கார் மாதிரி செய்திருப்பார்கள். புதிதாகக் கடைக்கு வருகிற ஒருவனும் அதைக் கண்டுபிடித்ததில்லை. குழந்தைகள் உருட்டிப் பார்த்து மைக்கேல்ராஜிடம் திட்டு வாங்கும்.

நோராவின் கை ரேக்கிலேயே நின்றுவிட்டது. பாலகுமார் அவளைப் பார்க்கவில்லை.

"நோரா, போய் டீ சொல்லிட்டு வா. கெம்பையாவுக்கும் ஒண்ணு. பாவம், வெறும் நீலத்தப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்கார்."

"அவருக்கு இது நாலாவது டீ பாஸ்."

"பரவாயில்ல. குடிச்சு முடிக்கிறவரைக்கும் எழுந்திருக்க வேணாம்னு சொல்லு."

அவள் போனாள். பாலகுமார் கவுன்டருக்குப் பின்னால் குனிந்து காலில் எதையோ சரிசெய்துகொண்டு எழுந்தான். அவன் காலில் ரப்பர் செருப்புதான் இருந்தது.

நோரா திரும்பி வந்தபோது அவன் வெள்ளைக்காரன் ரேக்கின் முன் நின்றிருந்தான். விரலைக் கேசட் பெட்டிகளின் முதுகு முதுகாக ஓட்டிக்கொண்டே போனான். எல்லாப் பெட்டிகளின் மூலையும் நூறு கை பட்டு எண்ணெய்ப் பிசுக்கேறியிருந்தது. ஒன்று மட்டும் புதுசாக இருந்தது. உலக யுத்தம் பற்றிய செய்திப்படம், பாகம் மூன்று.

"நோரா, பாகம் ஒண்ணு இருக்கா பாரு."

அவள் பார்த்தாள். "இல்ல. ரெண்டும் இல்ல." அப்புறம்தான் அவளுக்கு உறைத்தது. பாதிக் கதையைத் தன் ரேக்கில் வைக்காத மனுஷன். ஒரு பாகம் தொலைந்தால் மிச்சத்தை வடை சுற்றக் கொடுத்துவிடுகிற மனுஷன். "பாகம் ஒண்ணையே எவனும் எடுக்க மாட்டான். மூணு மட்டும் தனியா இருந்தா எவன் தொடுவான்?"

"விரல ஒடிச்சவனும் தொடல. சோழன் ரேக்கையே கொடைஞ்சிருக்கான்."

பெட்டியைத் திறந்தான். உள்ளே இருந்த கேசட்டில் மைக்கேல்ராஜ் தன் கையால் ஒரு சின்னக் கிரீடம் வரைந்திருந்தான்.

சேஷகிரி நகர்ந்து வந்தார். அவர் மூச்சு கேட்டது. "போடு தம்பி. பாத்துருவோம்." பிறகு தெருப்பக்கம் ஒரு பார்வை. "ரோட்ல போறவனெல்லாம் எட்டிப் பாப்பான். செத்தவன் சமாசாரம்." அவரே கைநீட்டி ஷட்டரை இழுத்துக் கீழே இறக்கினார்.

*

நாடகத்தின் கடைசிக் காட்சி. படம் கண்ணாடி மாதிரி தெளிவாக இருந்தது. ராஜா வாளை உயர்த்துகிறார், திரை இறங்குகிறது, கைதட்டல். கைதட்டலுக்கு நடுவே யாரோ ஓடிவந்து என்னவோ கத்துகிறார்கள். நாற்காலிகள் சாய்கின்றன. குழந்தை அழுகிறது. கேமராவை ஸ்டாண்டிலேயே விட்டுவிட்டு மைக்கேல்ராஜும் ஓடியிருக்க வேண்டும். படம் அசையாமல் நின்றது. இறங்கிய திரை, காலி மேடை, தூரத்தில் கண்ணாடி உடைகிற சத்தம்.

திரைக்கு முன்னால் மந்திரி வந்தான். ஒட்டுத் தாடியைப் பிய்த்துக்கொண்டே, "மாப்ள, எல்லாரும் பின்வாசல் வழியா போறாங்க. வா, சீக்கிரம்," என்றான்.

ராஜா தலையிலிருந்த கிரீடத்தைக் கழற்றி, அழுக்குப் படாத இடமாகப் பார்த்து வைத்தார். குனிந்தார். திரை காற்றில் ஆடாமலிருக்க அதன் அடியில் கோத்திருந்த இரும்புக் குழாயை மெதுவாக உருவினார். பொறுமையாக, துணி கிழியாமல். மந்திரி அதைப் பார்த்துக்கொண்டே நின்றான். என்ன செய்கிறான் இவன் என்கிற முகம். குழாய் இறங்கியபோதும் அதே முகம்தான்.

மந்திரி விழுந்தான். ராஜா நிறுத்தவில்லை. கட்டை பிளக்கிறவன் மாதிரி காலை அகட்டி நின்று, சரியாக ஒரே இடத்தில் போட்டுக்கொண்டிருந்தார். வெளியே கலவரம் இரைந்தது. மேடையில் பேச்சே இல்லை. பிறகு இரண்டு காலையும் பிடித்து இழுத்துக்கொண்டு மேடையை ஒட்டிய தெருவாசல் பக்கம் நடந்தார்.

"பாமாவுக்கு அரிசி பருப்பு," என்றாள் நோரா, மெல்ல.

டிவி பறந்தது. சேஷகிரி உதைத்த உதையில் அது கவுன்டரிலிருந்து விழுந்து தரையில் வெடித்தது. புகையும் கண்ணாடியுமாக இருந்த இடத்தில், வேட்டி மடிப்பிலிருந்து உருவிய இரும்புக் கொக்கி அவர் கையில் இருந்தது. மரக்கட்டை புரட்டுகிற கொக்கி.

"நீங்க தேடிக் குடுப்பீங்கன்னுதான் நின்னேன்," என்றார். குரல் உயரவில்லை. "ரேக்கையே இறக்கித் தேடியும் எனக்குக் கெடைக்கல. மைக்கேல் நேரா எங்கிட்டயே வந்து கேக்கறான், 'இது என்னண்ணே'ன்னு. போலீஸுக்குப் போயிருந்தா உசுரோட இருந்திருப்பான். கேசட்ட எடுத்துக் குடு."

"எடுத்துக்க," என்றான் பாலகுமார், மெஷினுக்கு முன்னால் நின்றுகொண்டு.

கொக்கி வந்தது. அவன் விலகவில்லை. விலகினால் மெஷினில் விழும். இடது தோளில் இறங்கி எலும்பில் தட்டி நின்றது. அவன் சுரங்கத்துப் பிள்ளை; கத்தவில்லை. கொக்கி பிடித்த கையை இரண்டு கையாலும் பற்றிக்கொண்டான். இருவரும் சோழன் ரேக்கில் மோதினார்கள். ரேக் அப்படியே அவர்கள் மேல் சாய்ந்தது. சேஷகிரி முட்டியால் அவன் வயிற்றில் இடித்தார். மறுபடி இடித்தார். பாலகுமாரின் வாயில் ரத்தம் உப்பாக வந்தது. கிழவனுக்கு இருபது வயதுக்காரன் பலம்.

நோரா கெட்டி அட்டை போட்ட கலைக்களஞ்சியம் ஒன்றை இரண்டு கையாலும் தூக்கிச் சேஷகிரியின் பிடரியில் இறக்கினாள். அவர் தலை தாழ்ந்தது. பிடி விடவில்லை. இன்னொரு முறை முகத்தில் இறக்கினாள். மூக்கு உடைந்தது.

பாலகுமாரின் வலது கைக்குள் ஒரு விரல் சிக்கியது. சுட்டுவிரல். அவன் அதைப் பின்பக்கம் வளைத்தான். பிணவறையில் பார்த்த கை ஒரு கணம் கண்ணில் வந்தது. விறகு மாதிரி சத்தம் கேட்டது. கொக்கி தானாகத் தரையில் விழுந்தது.

சேஷகிரி சுவரோடு சரிந்து உட்கார்ந்தார். உதட்டில் ரத்தம் ஓட, சிரித்தார்.

"என்ன பண்ணுவே? பாத்தது நீங்க ரெண்டு பேரு. ஒருத்தன் உள்ள கெடக்கற அந்தப் பையன் பொண்டாட்டிகிட்ட கைக்கூலி வாங்கினவன். ஒருத்தி வாயாடி. இன்ஸ்பெக்டர் என் வீட்டுல சாப்பிடறவரு. கேசட்டு இங்கேர்ந்து ஸ்டேஷனுக்குப் போறதுக்குள்ள என்ன வேணா ஆவும். யாரு நம்புவான்?"

ஷட்டரை யாரோ குத்தினார்கள். ஒரு கை இல்லை. பல கைகள்.

நோரா போய் ஷட்டரைத் தூக்கினாள். வெளிச்சம் விழுந்தது. கெம்பையா நின்றார், கையில் நாலாவது டீ, ஆறிப்போய். அவருக்குப் பின்னால் டீக்கடையிலிருந்த அத்தனை பேரும். கடைசியில் சின்னத்தாயி, கரண்டியோடு.

"நானு நோடிதே, சேஷகிரி அவரே," என்றார் கெம்பையா. "எல்லாம் பாத்தோம். கிரீடத்தக் கழட்டி வச்சத பாத்தோம். இன்னும் ஓடிட்டேதான் இருக்குது."

டீக்கடை மரப்பலகையில், நீலம் போய், படம் ஓடிக்கொண்டிருந்தது. இங்கே டிவி உடைந்தாலும் மெஷின் உடையவில்லை. ஒரே மெஷின், ரெண்டு டிவி. திரையில் மண்டபத்துக் கதவருகே ராஜா குனிந்து, செத்தவனின் செருப்பைத் தேடி அவன் காலிலேயே மாட்டிவிட்டுக்கொண்டிருந்தார்.

சேஷகிரி அதைப் பார்த்தார். முதல் முறையாக அவர் நிமிர்வு போயிற்று.

"கலவரம் நடந்த அந்த மூணு நாளும் கன்னடக்காரி, இந்தக் கெம்பையா பொண்டாட்டிதான் எங்கள வீட்டுக்குள்ள வச்சுப் பூட்டிக் காப்பாத்துச்சு," என்றாள் சின்னத்தாயி. "நீ எங்க ஆளுன்னு நெனச்சேன்டா." கரண்டியை ஓங்கியவளை நாலு பேர் பிடித்து இழுத்தார்கள்.

நோரா பாலகுமாரின் தோளில் தன் துப்பட்டாவை அழுத்தினாள். "ரப்பர் செருப்புக்கு லேஸ் கட்டறப்பவே நெனச்சேன் பாஸ், வயரச் சொருகறீங்கன்னு. ஒரு வார்த்த சொல்லியிருந்தா நான் கொஞ்சம் தைரியமா நடிச்சிருப்பேன்."

"நீ சொன்னா ஊருக்கே தெரியும்."

"ஊருக்குத்தானே தெரியணும்?"

*

இன்ஸ்பெக்டர் நேரில் வந்தார். கூட்டத்தைப் பார்த்தார், டீக்கடை டிவியைப் பார்த்தார். சேஷகிரி வீட்டுச் சாப்பாட்டைப் பற்றி யாரும் கேட்கவில்லை. மெஷினோடு கேசட்டைத் தூக்கச் சொன்னார்.

"ரிவைண்ட் பண்ணி வைக்கட்டா சார்?" என்றார் கெம்பையா.

"வேணாம்," என்றான் பாலகுமார். "நின்ன எடத்துலயே நிக்கட்டும்."

ஸ்டேஷன் வாசலில் ஹரிஷ்குமாரை இரண்டு பேர் தாங்கிக்கொண்டு வந்து படியில் உட்காரவைத்தார்கள். அவனால் பாதத்தைத் தரையில் வைக்க முடியவில்லை. முகத்தில் ஒரு பக்கம் கண் இருக்கிற இடமே தெரியவில்லை. தாரணி அவன் காலடியில் உட்கார்ந்து, அந்தப் பாதங்களைத் தூக்கித் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

"கையெழுத்து போட்டுட்டியா?" என்று கேட்டான் பாலகுமார்.

"இல்லண்ணே. பேனா புடிக்க முடியல. வெரல் மரத்துப் போச்சு. மறுபடி கூப்டறேன்னாங்க."

"ஞாயித்துக்கிழமை எதுக்குடா அங்க போனே?" என்றாள் நோரா. "முந்தின நாள்தான் அப்படிச் சண்டை போட்டிருக்கியே. அத மட்டும் எவன்கிட்டயும் நீ சொல்லலியாமே."

"சொன்னேங்க்கா. சிரிச்சாங்க. அதுக்கும் அடிச்சாங்க." ஹரிஷ் உடைந்த உதட்டை ஈரப்படுத்திக்கொண்டான். "மெஷின ரிப்பேருக்குக் குடுத்து வாங்கிட்டேன். ரிவைண்ட் வேலை செய்யுது. அத அண்ணன்கிட்ட சொல்லலாம்னு போனேன்."